செக் இன்ஜின் லைட் எரிகிறதா? சென்சாருக்குக் காசு கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

மூன்று வருடத்துக்கு முன்னால் என் பெட்ரோல் காரில் அந்த மஞ்சள் லைட் எரிந்தது. பட்டறையில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள், பி0171 என்ற கோடு, அதாவது பிழைக் குறியீடு, வந்தது, "ஆக்ஸிஜன் சென்சார் போச்சு சார்" என்றார்கள், மாற்றினோம். நான்காம் நாள் அதே லைட், அதே கோடு. மாட்டியது டூப்ளிகேட்டாக இருக்கும் என்று சொல்லி ஒரிஜினல் ஒன்றை வரவழைத்து அதையும் மாட்டினார்கள்; ஒரு வாரம் தாங்கியது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நானே ஒவ்வொரு குழாயாக அமுக்கிப் பார்த்தபோதுதான், ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து, காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பாடிக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், மடிப்புக்குள் ஒளிந்திருந்த விரல் நீள வெடிப்பு கையில் தட்டுப்பட்டது. பி0171 சொன்னது இதைத்தான்: காற்று கூடுதலாகப் போகிறது, பெட்ரோல் போதவில்லை. புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளந்து அதைக் கண்டுபிடித்துச் சொன்ன சென்சாரைத்தான் நாங்கள் இரண்டு முறை கழற்றினோம். புகார் கொடுக்க வந்தவனையே பிடித்து லாக்கப்பில் போட்ட கதை.

அதற்குப் பிறகு நான் வாங்கியது இரண்டு பொருள்கள். ஒன்று, காரின் கோடுகளைப் படித்து, போனில் உள்ள ஆப்புக்கு ப்ளூடூத்தில் அனுப்பும் ஓபிடி அடாப்டர் (ஓபிடி என்பது வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு). இரண்டாவது சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். அடாப்டரில் ரொம்ப மலிவானது சில கார்களோடு பேசவே பேசாது, அதனால் திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். இந்தியாவில் பிஎஸ்4 கார்களுக்கு ஓபிடி முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் கட்டாயமானது. உங்கள் கார் அதற்குப் பிறகு வந்தது என்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், 16 பின் சாக்கெட் கண்டிப்பாக இருக்கும். இங்கே நான் எழுதுவது பெட்ரோல் வண்டிக்கு. டீசலில் டர்போ, ரெயில் பிரஷர், டிபிஎஃப் என்று வேறு உலகம், அதற்குள் இப்போது போகவில்லை.

கோடைப் படிக்கும்போது ஒரு விஷயம் மனதில் பதிந்தால் பாதி வேலை முடிந்தது. இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியுவுக்கு சூடு, அழுத்தம், காற்று எதுவும் தெரியாது. அதற்குத் தெரிவது வோல்ட் மட்டும். "சர்க்யூட் லோ" என்று கோடு சொன்னால் அந்த வயரில் வோல்ட் இருக்க வேண்டியதைவிடக் கீழே கிடக்கிறது: எர்த்தோடு ஷார்ட், அல்லது சப்ளை வரவில்லை. "சர்க்யூட் ஹை" என்றால் பெரும்பாலும் வயர் அறுந்திருக்கும், கனெக்டர் கழன்றிருக்கும், எர்த் விட்டுப்போயிருக்கும். "ரேஞ்ச், பெர்ஃபார்மன்ஸ்" என்று முடிந்தால் வோல்ட் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் மற்ற சென்சார்கள் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை. இந்த மூன்றாவது வகையில்தான் அழுக்கு, காற்றுக் கசிவு, தேய்மானம் எல்லாம் வரும். பி0171, பி0172 மாதிரியான கோடுகள் எந்த சென்சாரின் பெயரையும் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவை இன்ஜினின் நிலைமையைச் சொல்கின்றன.

கோடைப் பார்த்ததும் கிளியர் பட்டனை அழுத்தும் பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. வேண்டாம். கோடு பதிவான அந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, வேகம், லோடு, ஃபியூயல் ட்ரிம் (இது என்ன என்று கீழே சொல்கிறேன்) எவ்வளவு என்று ஃப்ரீஸ் ஃப்ரேமில் இசியு எழுதி வைத்திருக்கும். கிளியர் செய்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். முதலில் ஸ்க்ரீன்ஷாட், அப்புறம் மற்றது.

லைட் எரிகிறது, வண்டி மட்டும் நன்றாக ஓடுகிறது

லைட் நிலையாக எரிந்தால் பதற வேண்டியதில்லை, வீட்டுக்கு ஓட்டிப் போகலாம். கண் சிமிட்டினால் விஷயம் வேறு, அது கீழே வருகிறது. வண்டியில் எந்த மாற்றமும் தெரியாமல் லைட் மட்டும் எரிந்தால் நான் எதிர்பார்க்கும் கோடுகள் மூன்று: பி0128, பி0141, பி0420.

பி0128 நம் ஊருக்கென்றே செய்த கோடு. இன்ஜின் குறித்த நேரத்தில் சூடேறவில்லை என்று அர்த்தம். இன்ஜின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். "நம்ம வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்குண்ணே" என்று கழற்றி எறிந்துவிட்டு மூடிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பழைய கார் வாங்கியவர்களுக்குத் தங்கள் வண்டியில் அது இல்லை என்பதே தெரியாது. ஆப்பில் கூலன்ட் டெம்பரேச்சரைத் திறந்து வைத்துக்கொண்டு பைபாஸில் போய்ப் பாருங்கள். நல்ல வண்டியில் 85 முதல் 95 டிகிரிக்குள் நிற்கும். தெர்மோஸ்டாட் இல்லாத, அல்லது திறந்தபடியே சிக்கிக்கொண்ட வண்டியில் சிக்னலில் நிற்கும்போது 90 காட்டும், வேகம் பிடித்ததும் 70க்குக் கீழே சரியும். அப்படிச் சரிந்தால் சென்சார் மேல் குற்றமில்லை, தெர்மோஸ்டாட்டை வாங்கிப் போடுங்கள். கூடவே கூலன்ட்டையும் மாற்றுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோலும் அதிகம் குடிக்கும், ஆயிலும் கெடும்.

பி0141 என்பது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் (கேட்டலிஸ்ட்) பின்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர். முன்னால் இருப்பதற்கு பி0135. இரண்டுக்கும் முதலில் பார்க்க வேண்டியது ஃப்யூஸ். அது சரியாக இருந்தால் கனெக்டரைக் கழற்றி ஹீட்டரின் இரண்டு பின்களுக்கு நடுவே, நிறைய சென்சார்களில் இந்த இரண்டு வயரும் ஒரே நிறமாக இருக்கும், ஓம் அளந்து பாருங்கள். ஒற்றை இலக்கமோ பதினைந்துக்குள்ளோ வந்தால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

பி0420, கேட்டலிஸ்ட் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்ற புகார். சூடான வண்டியை நிறுத்தி 2000 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு பின் சென்சாரின் வோல்டைப் பாருங்கள்: அரை வோல்டுக்குச் சற்று மேலே ஏறக்குறைய அசையாமல் நின்றால் கேட்டலிஸ்ட் வேலை செய்கிறது, முன் சென்சாரைப் போலவே மேலும் கீழும் துள்ளினால் அதன் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. சைலன்சர் மூட்டுகளில் புகை கசிகிறதா என்பதையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள், ஏனென்றால் இந்தப் பாகத்தின் விலை மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது ஐடியா கொடுப்பார்கள். புகையும் கெடும், கோடும் போகாது.

காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது, ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடுகிறது

இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் ஸ்கேனர் மாட்டும் முன்பே கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பி0117 என்றால் லோ, பி0118 என்றால் ஹை. இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். "ஹை" என்று பார்த்ததும் இன்ஜின் சூடாகிவிட்டது என்று ரேடியேட்டரைக் கழுவக் கொடுப்பார்கள். உண்மையில் இந்த சென்சார் சூடேறச் சூடேற ரெசிஸ்டன்ஸ் குறையும் வகை. வோல்ட் ஹை என்றால் இசியுவின் கண்ணில் இன்ஜின் உறைபனியில் இருக்கிறது. வயர் அறுந்தால் ஆப்பில் மைனஸ் 40 டிகிரி காட்டும். சித்திரை மாத வேலூரில் மைனஸ் 40! அந்தக் குளிருக்கு ஏற்ற பெட்ரோலை இசியு ஊற்ற, ப்ளக் நனைந்து வண்டி திணறுகிறது. நிஜமான சூடு தெரியாததால் ஆபத்து வேண்டாம் என்று ஃபேனையும் ஓடவிடுகிறது.

இதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். சாவியை ஆன் செய்யுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். கனெக்டரைக் கழற்றினால் ஆப்பில் மைனஸ் 40 வர வேண்டும். கனெக்டரின் இரண்டு துளைகளையும் சின்ன வயர்த் துண்டால் இணைத்தால், இரண்டே வயர் உள்ள சென்சாரில் மட்டும் இதைச் செய்யுங்கள், ரீடிங் ஒரேயடியாக 120க்கு மேல் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் இசியுவும் நலம், சென்சார்தான் போயிருக்கிறது. இணைத்தும் மைனஸ் 40லேயே நின்றால் நீங்கள் எத்தனை சென்சார் வாங்கி மாட்டினாலும் வண்டி திருந்தாது, வயரைத் தேடுங்கள். சென்சாரையே அளப்பதாக இருந்தால் பல கார்களில் 20 டிகிரியில் 2000 முதல் 3000 ஓம் வரை, 80 டிகிரியில் 200, 300 ஓம் பக்கம் இருக்கும்.

கோடே வராமல் சென்சார் பொய் சொல்வதும் உண்டு. அதற்கு ஒரு பைசா செலவில்லாத சோதனை: இரவு முழுக்க நிறுத்திய வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் சூட்டையும், உள்ளே போகும் காற்றின் சூட்டையும் ஆப்பில் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக, வெளியே இருக்கும் சூட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஒன்று 27, இன்னொன்று 45 என்றால் எது பொய் சொல்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிறது, ஐட்லிங் ஏறி இறங்குகிறது

இதில்தான் அதிகக் காசு வீணாகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் உங்கள் வண்டி காற்றை எப்படி அளக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியை ஒட்டிய குழாயில் சூடான கம்பி வைத்து, ஓடும் காற்றை நேரடியாக அளப்பது மாஃப் சென்சார். த்ராட்டிலுக்குப் பின்னால் காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்குப் போட்டுக்கொள்வது மேப் சென்சார். நம் ஊர் சின்ன பெட்ரோல் கார்கள் நிறைய இரண்டாவது வகை. இது ஏன் முக்கியம் என்றால், காற்றுக் கசிவு இரண்டு வகை வண்டியில் இரண்டு விதமாகப் பேசும். மாஃப் உள்ள வண்டியில் வெடிப்பு வழியாக நுழையும் காற்று கணக்கில் வராது, பெட்ரோல் போதாமல் பி0171 வரும், என் வண்டிக்கு நடந்தது அதுதான். மேப் உள்ள வண்டியில் த்ராட்டிலுக்குப் பின்னால் கசிவு இருந்தால் அழுத்தம் கூடியதாக சென்சார் காட்டும், இசியு அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டும். கோடு எதுவும் வராமலே ஐட்லிங் மட்டும் 1200, 1300 என்று ஏறி நிற்கலாம்.

மேப் சென்சாரைச் சோதிக்க மலையடிவாரமும் வேண்டாம், லேபும் வேண்டாம். சாவி ஆன், இன்ஜின் ஆஃப்: அப்போது அது காட்ட வேண்டியது வெளியில் உள்ள காற்றழுத்தம். சென்னையில் 100 கிலோபாஸ்கல் பக்கம், ஊட்டியில் 77, 78. இங்கேயே தப்பாகக் காட்டினால் சென்சாரோ வயரிங்கோ சரியில்லை. ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானபின், ஏசி ஆஃப் செய்து ஐட்லிங்கில் பாருங்கள், 30 முதல் 40க்குள் விழ வேண்டும். 50, 55 என்று நின்றால் கசிவு, வால்வு டைமிங், கம்ப்ரஷன் என்று தேட வேண்டியது இன்ஜின் பக்கம். பி0107 வந்தால் 5 வோல்ட் சப்ளை வருகிறதா என்று பாருங்கள், பி0108 வந்தால் எர்த் வயரையும், சென்சாருக்குப் போகும் வேக்குவம் குழாய் கழன்றிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது ஃபியூயல் ட்ரிம். ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு இசியு பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதன் சதவீதக் கணக்கு இது. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பத்துக்குள் கூடக்குறைய இருந்தால் கவலையில்லை. கூட்டல் 20ஐத் தாண்டினால் இன்ஜின் பெட்ரோலுக்கு ஏங்குகிறது. இப்போது 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடியுங்கள். ஐட்லிங்கில் 22 காட்டியது 2500இல் 5க்கு இறங்கினால் காற்றுக் கசிவு, ஏனென்றால் உள்ளே போகும் மொத்தக் காற்றில் கசிவின் பங்கு சின்னதாகிவிடுகிறது. மாறாக ஐட்லிங்கில் சரியாக இருந்து, வேகமாகப் போகும்போதும் மேடேறும்போதும் எண் ஏறினால் பெட்ரோல் வந்து சேரவில்லை: பம்ப், ஃபில்டர். இல்லையென்றால் மாஃப் கம்பியில் அழுக்கு. ஃபில்டரில் எண்ணெய் தடவும் வகை போட்டவர்கள் இந்தக் கடைசியை முதலில் பாருங்கள். மாஃப் கிளீனர் ஸ்ப்ரே தனியாகக் கிடைக்கிறது, அதை மட்டும் அடித்து, கம்பியை விரலாலோ துணியாலோ தொடாமல், தானாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

கசிவைத் தேட ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஓடும் இன்ஜினின் இன்டேக் மூட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள், ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் பக்கம் வேண்டாம். ஐட்லிங் சத்தம் மாறும் இடம்தான் இடம். ஊதுபத்திப் புகையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்தில் நெருப்பைக் கொண்டு போகும் தைரியம் எனக்கில்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மிச்சம் த்ராட்டில் பாடியில் படிந்த கரி. கிளீன் செய்தபின் சில வண்டிகளில் ஐட்லிங்கைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதுவரை ஆர்பிஎம் ஏறித்தான் நிற்கும், பயப்படாதீர்கள்.

சூடானதும் நடுரோட்டில் அணைகிறது, அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது

கிராங்க் சென்சார். கோடு பி0335 அல்லது பி0336, சில நேரம் கோடே இருக்காது. பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்க் எங்கே சுற்றுகிறது என்று தெரியாவிட்டால் இசியு ஸ்பார்க்கும் கொடுக்காது, பெட்ரோலும் கொடுக்காது, பம்பையும் நிறுத்திவிடும். அதனால் பட்டறையில் பம்ப் போச்சு என்று டேங்கைக் கழற்றிவிடுவார்கள், அதற்குள் வண்டி ஆறி ஸ்டார்ட்டும் ஆகிவிடும், பம்ப் மாற்றியதால்தான் சரியானது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள், அடுத்த வாரம் திண்டிவனம் டோலில் மறுபடி அதே கதை.

நிற்கும்போதே பிடிக்க வேண்டும். அணையும் நொடியில், வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே, ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்ததா? செல்ஃப் அடிக்கும்போது ஆப்பில் ஆர்பிஎம் பூஜ்யமாகவே நிற்கிறதா? நல்ல சென்சார் என்றால் செல்ஃபிலேயே 200 பக்கம் காட்டும். பூஜ்யம் என்றால் கனெக்டரில் ஆயில் ஊறியிருக்கிறதா, வயர் சைலன்சரில் உரசி உருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு வயர் உள்ள காயில் வகை என்றால் ஆறும் முன்பே ஓம் அளந்து வையுங்கள். ஆறிய பிறகும் அளங்கள். குளிர்ந்தபோது சில நூறு ஓம் காட்டி, சூட்டில் எதுவுமே காட்டாமல் போனால் சந்தேகத்துக்கே இடமில்லை. மூன்று வயர் உள்ள ஹால் வகையில் ஓம் அளந்து பயனில்லை, சப்ளையும் எர்த்தும் வருகிறதா என்று பார்த்து, செல்ஃப் அடிக்கும்போது சிக்னல் வயரில் வோல்ட் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். நான் பார்த்தவரை எல்லா சென்சாரிலும், ஒரிஜினல் அல்லாத சந்தைச் சரக்கை நம்பி வாங்கக் கூடாத ஒன்று இதுதான்.

பி0340 கேம் சென்சார், வால்வுகளைத் திறக்கும் தண்டைப் பார்ப்பது. இதில் வண்டி அநேகமாக நிற்காது, ஸ்டார்ட் ஆக மட்டும் கூடுதல் நேரம் எடுக்கும். பி0016 வந்தால் மட்டும் இரண்டு சென்சாரையும் விட்டுவிடுங்கள். கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்கிறது அது. டைமிங் செயின் நீண்டிருக்கலாம், அல்லது போன மாதம் பெல்ட் மாற்றியவர் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம்.

ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் இழுக்கவில்லை

வண்டி ஒரு வேகத்துக்கு மேல் போக மறுக்கிறது என்றால் இசியு தன்னைக் காத்துக்கொள்ளும் நிலைக்குப் போயிருக்கிறது. த்ராட்டிலில் இரண்டு, பெடலில் இரண்டு என்று ஒன்றை ஒன்று சரிபார்க்கும் சென்சார்கள் இருக்கின்றன. பி2135 என்றால் த்ராட்டில் ஜோடிக்குள் சண்டை, பி2138 என்றால் பெடல் ஜோடிக்குள். சாவி ஆன், இன்ஜின் ஆஃப், பெடலை ஆப்பில் பார்த்தபடி மிக மெதுவாக, எறும்பு ஊர்வது போல மிதியுங்கள். சதவீதம் தாவாமல் ஏற வேண்டும். நடுவில் எங்காவது துள்ளினால் அந்தப் பாகத்தின் டிராக் தேய்ந்துவிட்டது. துள்ளல் இல்லை, கோடு மட்டும் வந்து வந்து போகிறது என்றால் கனெக்டர். கழற்றி, பின்களைப் பார்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டுங்கள். வெள்ளத் தண்ணீரில் நின்ற வண்டிகளில் மாதக்கணக்கு கழித்துப் பின்களில் பச்சைக் களிம்பு பூக்கும்.

மைலேஜ் விழுந்துவிட்டது, கரும்புகை வருகிறது

கோடு பி0172 என்றால் பெட்ரோல் அதிகம். ட்ரிம் மைனஸ் பக்கம் கிடக்கும். முதலில் மேலே சொன்ன கூலன்ட் சூட்டைப் பாருங்கள், அது குளிர் என்று பொய் சொன்னால் மற்றதெல்லாம் அதன் விளைவு. அடுத்தது கசியும் இன்ஜெக்டர், பெட்ரோல் வாசனை அடிக்கும் ஆயில்.

ஆக்ஸிஜன் சென்சாரைச் சோதிப்பது இப்போதுதான். முன் சென்சார், பேங்க் 1 சென்சார் 1 என்று ஆப் சொல்லும், நான்கு சிலிண்டர் வரிசை இன்ஜினில் வழக்கமாக பேங்க் 1 மட்டும்தான். சூடான இன்ஜினில் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை விடாமல் மேலும் கீழும் போய்வர வேண்டும். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் 0.8ஐத் தாண்ட வேண்டும், விட்டதும் பூஜ்யத்தை நோக்கி விழ வேண்டும். இரண்டையும் உடனே செய்தால் சென்சார் நலம், அது சொல்வதை நம்புங்கள். சோம்பலாக நகர்ந்தால் பி0133, ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் பி0134. சில புதிய வண்டிகளில் ஏர் ஃப்யூயல் ரேஷியோ வகை சென்சார் இருக்கும், அதற்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது, ஆப்பில் லாம்டா என்று வரும் எண் 1ஐ ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

பி0131, அதாவது வோல்ட் லோ, வந்தால் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் மேனிஃபோல்டில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே உறிஞ்சப்படும் வெளிக்காற்றைப் பார்த்துவிட்டு சென்சார் "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லும். புது சென்சார் சீக்கிரம் சாவதற்கு ஒரு காரணம் கேஸ்கெட் பேஸ்ட். எந்த மூட்டைக் கழற்றினாலும் டியூப் பேஸ்ட்டை அள்ளி அப்புவார்கள், அதன் சிலிக்கான் ஆவி சென்சார் முனையில் வெள்ளையாகப் படிந்து அதைக் குருடாக்கிவிடும். சென்சாருக்கு ஆகாத வகையல்ல என்று டியூபில் எழுதியிருக்கிறதா என்று கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

குலுங்குகிறது, லைட் கண் சிமிட்டுகிறது

ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்க் கேட்டலிஸ்ட்டைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்குத்தான் அந்தச் சிமிட்டல். பி0302 என்றால் பெட்ரோல் சரியாக எரியாதது இரண்டாவது சிலிண்டரில். அந்த காயிலை மூன்றாவதோடு மாற்றி மாட்டுங்கள், கோடு பி0303 ஆக இடம் மாறினால் காயில், மாறாவிட்டால் ப்ளக்கை மாற்றிப் பாருங்கள், அதற்கும் மாறாவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன். சென்சார் பக்கம் போகவே வேண்டாம்.

ஒரே நாளில் ஏழெட்டு கோடு

ஒரே இரவில் ஐந்து சென்சார் சாகாது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மேப், த்ராட்டில், பெடல் என்று எல்லாம் சேர்ந்து வந்து, இசியுவையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். தெரு முனையில் இருக்கும் வயதான எலெக்ட்ரீஷியன் அண்ணன் பேட்டரித் தட்டைத் தூக்கிக் காட்டினார்: கடித்த வயர், பக்கத்தில் பாதி முறுக்கு. எலி விருந்து முடித்துவிட்டுப் போயிருந்தது.

எலியைத் தேடும் முன் பேட்டரி. நிறுத்திய வண்டியில் 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது 13.5 முதல் 14.5. பி0562, அதாவது மொத்த வோல்ட்டே குறைவு என்ற கோடு, கூட வந்திருந்தால் மற்ற கோடுகளைப் பொருட்படுத்தாமல் இதைச் சரிசெய்யுங்கள். அடுத்தது எர்த்: இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இன்ஜின் உடம்பிலும் வையுங்கள். 0.2 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்து முறுக்குங்கள்.

அப்புறம் 5 வோல்ட். மேப், த்ராட்டில், சில வண்டிகளில் ஏசி பிரஷர் சென்சார் வரை ஒரே 5 வோல்ட் வயரில் தொங்கிக்கொண்டிருக்கும், ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாமே படுத்துவிடும். பி0641 இதைத்தான் சொல்கிறது. சாவி ஆனில் மேப் கனெக்டரில் மீட்டரை வைத்துக்கொண்டு மற்ற மூன்று வயர் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் மீட்டர் 5க்கு எழுகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் எழாவிட்டால் வயரிங், கடைசியாகத்தான் இசியு.

ஸ்கேனரே கனெக்ட் ஆகவில்லை

சாக்கெட்டின் 16ஆம் பின்னில் 12 வோல்ட் வருகிறதா, 4, 5ஆம் பின்களில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய கார்களில் சிகரெட் லைட்டர் ஃப்யூஸும் இதுவும் ஒன்றே. போன் சார்ஜர் ஃப்யூஸை எரித்ததை மறந்துவிட்டு அடாப்டரைத் திட்டியிருக்கிறேன்.

சரிசெய்த பிறகு

இப்போது கிளியர் செய்யலாம். கிளியர் செய்ததும் லைட் போய்விட்டதே என்று அன்றைக்கே சர்வீஸ் பில்லுக்குக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். பல கோடுகள் இரண்டு ஓட்டங்களில் தொடர்ந்து தவறு தெரிந்தால்தான் லைட்டை ஏற்றும். முதல் ஓட்டத்தில் அது பெண்டிங் என்ற பக்கத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கும். அதனால் ஆறிய இன்ஜினில் ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் நகரத்திலும் கொஞ்சம் பைபாஸிலும் ஓட்டிவிட்டு பெண்டிங் பக்கத்தைத் திறந்து பாருங்கள், மறுநாளும் அப்படியே. கிளியர் செய்யாமல் விட்டாலும் தவறு நிஜமாகவே போயிருந்தால் மூன்று நல்ல ஓட்டங்களுக்குப் பிறகு லைட் தானாக அணையும்.

கழற்றிய பழைய சென்சாரைப் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் முதலில் கழற்றியது, அதே மாடல் வைத்திருக்கும் என் மைத்துனர் வண்டியில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.